அப்பாயி கதை அனுப்பியிருக்கேன்

தம்பிக்கு,

அப்பா எழுதறேன். மேட்டூர்ல தொறந்த தண்ணி இன்னும் நம்ம கடைமடைக்கு வந்து சேரல, போர் தண்ணிய வச்சு குறுவைக்கு நாத்து விட்டாச்சு. அப்பாயி கதை சொன்ன 4 கேசட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். டேப்ரெக்கார்டர் ஹெட்ட ஸ்பிரிட் தொட்டு தொடச்சு ஆடாசிட்டிங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஓடவிட்டேன், 60 நிமிஷ கேசட்னா 60 நிமிஷமும் கூடவே உக்காந்திருக்கணும். ஃபேன் இரைச்சல முழுசா எடுத்தா அப்பாயி குடத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி ஆயிடுது, கொஞ்சம் விட்டு வச்சிருக்கேன்.

எம்பி3யா போட்டா உன் பழைய ஐபாட்ல பாட்டோட பாட்டா கலந்துடும், ஷஃபிள்ல நடுவுல வரும், நிறுத்துன எடமும் நிக்காது. அதனால ஏஏசி ஃபார்மட், மோனோ, 64 கேபிபிஎஸ்ல மாத்தி, ஃபைல் பேரு எம்4ஏன்னு முடியறத ஆடியோபுக்குக்கான எம்4பின்னு திருத்திட்டேன், 4 மணி நேரமும் 115 எம்பி கிட்டதான். எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதான், நம்ம தெருவுல மொதல்ல கம்ப்யூட்டர் தொட்ட புள்ள நீ. ஐட்யூன்ஸ்ல ஆடியோபுக்ஸ்ல விழுதான்னு பாரு, இல்லன்னா ஆப்ஷன்ஸ்ல மீடியா கைன்ட ஆடியோபுக்னு மாத்து.

ஆபீசுக்கு கார்ல போறப்ப கேளு. ரெண்டு பேரும் சேந்து கேளுங்க. பொங்கலுக்கு அனுப்புன ஃபோட்டோல நீ மட்டும் நிக்கற, அம்மா கேட்டதுக்கு மருமகதான் எடுத்திருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். போன் பண்ணா மீட்டிங்ங்கற, 2 நிமிஷம் பேச முடியாத அளவுக்கு என்னப்பா மீட்டிங்கு. நேரத்துக்கு சாப்புடு. ஆடியோபுக்ஸ்ல விழுதான்னு மறக்காம பாரு.

3வது கேசட்டு பி சைடுல கதை நடுவுல என் கொரல் வருது. கதை கேட்டது போதும், போயி கணக்க போடுன்னு கத்தறேன், பளார்னு சத்தம் கேக்குது. நீ அழுவல. அப்பாயியும் பேசல, டேப்பு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. அன்னிலேருந்துதான் நீ எங்கிட்ட எதையும் சொல்றத விட்டிருக்கணும், பெரியவனாயிட்டான் அதான் பேசலன்னு இத்தன வருஷமா நானா நெனச்சுக்கிட்டேன். அந்த எடத்த வெட்டிடலாம்னு மவுஸால பிடிச்சு வச்சிட்டு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன், மனசு வரல, அப்படியேதான் இருக்கு. கணக்குல நீ கெட்டிக்காரன், அன்னிக்கு அடிச்சது என் தப்பு தம்பி.

இப்ப நீ எத சொன்னாலும் சத்தம் போடமாட்டேன், அம்மாகிட்டயும் சொல்லல. எந்நேரமானாலும் கூப்புடு, போன தலமாட்டுலதான் வச்சிருக்கேன்.

அப்பா