லாப்சியில மூணு பாகம் தண்ணி

அன்புள்ள அக்கா,

பாப்பா மெயில்ல நீ சொல்லி அடிக்கச் சொன்னது பொங்கலுக்கே வந்துடுச்சு, பதில் போடல, திட்டாத. போன் ஸ்க்ரீன் போச்சு, அதான் வீடியோ கால் வரல, வேற ஒண்ணுமில்ல. இது ரூம்ல இருக்கிற கேரளாப் பையன் லேப்டாப்புல அடிக்கிறது. நான் மெலிஞ்சிட்டேன்னு மேலத்தெரு மச்சான் அம்மாகிட்ட வத்தி வச்சாராமே, நல்லாத்தான் சாப்பிடுறேன்னு சொல்லு. இங்க மால்டாத் தீவுல பட்டாணி வச்சு ஒரு பஃப்ஸ் மாதிரி போடுறான், பஸ்டிஸின்னு பேரு, சுடச்சுட ரெண்டு தின்னா சாயங்காலம் வரைக்கும் பசிக்காது, ஒண்ணு ஒரு யூரோகூட ஆகாது.

குளிர் பத்தி கேட்டிருந்தே. ஐஸ் எல்லாம் விழாது, ஆனா வீடு பூரா சுண்ணாம்புக் கல்லு, ஹீட்டர் கிடையாது, சுவர்ல ஈரம் கசியும், துவைச்சுப் போட்ட சட்டை மூணு நாளானாலும் காயாது. கீழ் வீட்டுக் கிழவி ஒருத்தி, படியே இறங்க மாட்டா, பால்கனியில இருந்து கயத்துல கூடையைக் கட்டி விடுவா, ரொட்டிக்காரன் ரொட்டியைப் போட்டதும் இழுத்துப்பா. ஒருநாள் நான் கீழ நிக்கும்போது கூடையில ரெண்டு ஆரஞ்சு வந்துச்சு, எனக்கான்னு கேட்டேன், "மெலா"ன்னா. இவங்க எதுக்கும் மெலாதான், ஆமாவுக்கும் மெலா, சரிக்கும் மெலா. கோயில்ல சாமியை அல்லான்னுதான் கூப்பிடுறாங்க, தவசு காலத்துக்கு ரந்தான்னு பேரு, முதல் பூசைக்குப் போனப்ப இடம் மாறி வந்துட்டோமோன்னு நினைச்சேன். பாஷை அரபி வழியில வந்தது, சனம் பெரும்பாலும் நம்மள மாதிரி கத்தோலிக்கம்.

இப்ப விஷயத்துக்கு வாரேன், இதை அப்பாவுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டணும். நான் கடலுக்குள்ள இறங்கிட்டேன். கடல் பக்கமே போகக்கூடாதுன்னுதானே கேட்டரிங் படிக்க வச்சீங்க, கடைசியில இங்க வந்து முழுகுறேன் பாரு. இப்ப சீசன் இல்ல, ஹோட்டல்ல வாரத்துக்கு நாலு ஷிஃப்ட்தான், ரெஸ்ட் கிடைக்குது, நல்லதுதானே. பக்கத்துல டைவிங் கடை வச்சிருக்கிறவன்கிட்ட பழக்கம், சிலிண்டர் ஏத்தி இறக்கிக் கொடுப்பேன், காசு வாங்க மாட்டேன், பதிலுக்கு கூட்டிட்டுப் போய் சொல்லிக் கொடுக்கிறான்.

இடம் பேரு கார் லாப்சி. மால்டாவே மொத்தம் 27 கிலோமீட்டர் நீளம், திருச்செந்தூர் போற தூரம்கூட இல்ல. வாடை அடிச்சா வடக்குப் பக்கம் இறங்க முடியாது, அப்ப தெற்கே இந்தப் பாறை இடுக்குக்குத்தான் வருவாங்க. பக்கத்துலயே கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற பிளான்ட். எதிர்ல ஃபில்ஃப்லான்னு ஒரு குட்டித் தீவு, நம்ம முயல் தீவு மாதிரி ஆளில்லாதது, 1971 வரைக்கும் பிரிட்டிஷ்காரன் அதுமேல குண்டு போட்டுப் பழகியிருக்கான்.

இறங்குற இடத்துல ஆழம் ரெண்டு மூணு பாகம்தான், நாலஞ்சு மீட்டர் வரும். தண்ணி பதினஞ்சு டிகிரி, ஏழு மில்லி ரப்பர் சட்டை போட்டும் முதல் தண்ணி முதுகுல ஓடுறப்ப அம்மான்னு கத்திட்டேன். உப்பு நம்ம கடலை விட ஜாஸ்தி, அதோட ரப்பர் சட்டையும் சேர்ந்து ஆளைத் தூக்கும், இடுப்புல ஈயம் கட்டணும். காது அடைச்சதும் மூக்கைப் பிடிச்சு ஊதினேன், யாரு சொல்லிக் கொடுத்தான்னு ஆச்சரியப்பட்டுட்டான், எட்டு வயசுல துறைமுகத்துப் படியில அப்பா சொல்லிக் கொடுத்ததுன்னேன்.

உள்ள ஒரு குகை, மேல பாறை வெடிப்பு வழியா வெயில் கம்பி கம்பியா இறங்குது. தண்ணி அவ்வளவு தெளிவு, இருபது மீட்டர் தள்ளி இருக்கிறவன் துடுப்புச் செருப்புல இருக்கிற பேரைப் படிக்கலாம். ஒரு பொந்து வாசல்ல சிப்பி ஓடும் கல்லுமா அடுக்கியிருந்துச்சு, பேய்க்கணவாய் வீடு, ஆக்டோபஸ்னு சொல்றாங்கல்ல, அதுதான். விரலை நீட்டினேன், ஒத்தக் கையை நீட்டித் தொட்டுப் பார்த்துச்சு, ஒவ்வொரு உறிஞ்சியா ஒட்டி ஒட்டி, அப்புறம் பிடிக்காத மாதிரி விட்டுடுச்சு. அப்பாவா இருந்தா கொக்கியைப் போட்டிருப்பாங்க. சிப்பி கிடக்கான்னுதான் முதல்ல கேப்பாங்க, சொல்லு: முத்துச்சிப்பி இல்ல, முழ நீளத்துக்கு மேல ஒரு சிப்பி மண்ணுல நட்டுக்குத்தா நிக்கும், அதுவும் 2016ல இருந்து ஒரு நோய் வந்து இந்த மத்தியதரைக் கடல்ல கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போச்சு, நான் பார்த்தது வெறும் ஓடு. ஏத்த வத்தம்கூட இந்தக் கடல்ல இருக்கிறதே தெரியாது. தாத்தா 1961 முத்துக்குளிப்புல மடிக்கல்லு கட்டி இறங்கின கதையைச் சொன்னேன், சிலிண்டர் இல்லாமலான்னு நாலு தடவை கேட்டான்.

அக்கா, வெளிய ஆழத்துக்குப் போயிட்டு மேல வர்றப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. கையில கடிகாரம் மாதிரி ஒரு கம்ப்யூட்டர், வேகமா ஏறினா கூவும். அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்க வச்சான், ஏன்னு கரையில கேட்டதுக்கு சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்து காட்டினான். ஆழத்துல அழுத்தத்துல காத்துல இருக்கிற நைட்ரஜன் ரத்தத்துல கரைஞ்சு நிக்குமாம், சட்டுனு ஏறினா அப்படிக் குமிழியாகி மூட்டுல போய் மாட்டுமாம், தோள்பட்டைதான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடமாம். அப்பா சங்கு குளிக்க கம்ப்ரசர் காத்து டியூபைக் கடிச்சுகிட்டு எட்டுப் பாகம் ஒன்பது பாகம்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்கினாங்க, யாரு நிறுத்தினா, எந்தக் கம்ப்யூட்டர் கூவுச்சு. அப்பாவோட தோள் வலியை நாம வாய்வுன்னோம், அம்மா கொண்டல் காத்துன்னாங்க, பூண்டுத் தைலம் போட்டோம். எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல. சும்மா சொல்லல, நீ அனுப்பின மீன் மசாலாப் பொட்டலத்துல கடைசி ரெண்டு ஸ்பூன் இருக்கு, சமைக்க மனசில்ல, எடுத்து எடுத்து மோந்து பார்க்கிறேன். பனிமய மாதா திருவிழாவுக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன்ல, இந்த ஆகஸ்டு முடியாது போல இருக்கு. அம்மாகிட்ட இப்ப சொல்லாத.

வங்கியில வச்ச சங்கிலிக்கு வட்டி இந்த மாசம் பத்து நாள் தள்ளிப் போகும், ஏலத்துக்குப் போகாது, நான் விசாரிச்சுட்டேன். பாப்பாவோட புதுநன்மை டிரஸ்ஸுக்கு தனியா அனுப்புறேன், அதுல கை வைக்காத. சித்தி பொண்ணு கேட்ட விஷயம், இப்போதைக்கு கல்யாணப் பேச்சு வேண்டாம்னு நாசூக்கா சொல்லிடு.

அப்பாவை எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, வெறும் வலின்னு சொல்லாத, கம்ப்ரசர்ல சங்கு குளிச்சவங்கன்னு முதல்லயே சொல்லு, சிலருக்கு எலும்பே உள்ள செத்துடுமாம், தோள் இடுப்பு ரெண்டும் படம் எடுக்கச் சொல்லு. காசுக்கு யோசிக்காத. போறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட கேட்டு எனக்கு எழுது, வலி முதன்முதல்ல வந்தது கரை ஏறின உடனேயா, இல்ல அன்னைக்கு ராத்திரியா, எந்தத் தோள்ல. வலதுன்னுதான் எனக்கு ஞாபகம்.

உன் தம்பி