பறவைகளை எண்ணினால் மட்டும் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிவகங்கை மாவட்டத்தில் பறவைகள் சரணாலயமாக உள்ள வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களில் பறவைகளின் எண்ணிக்கை ஏறினால் சந்தோஷம், இறங்கினால் கவலை என்று செய்தியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தலைக்கணக்கு மட்டும் போதாது.

பெல்ஜியக் கணித அறிஞர் வெருல்ஸ்ட் 1838-ல் ஒரு சமன்பாடு தந்தார். உயிரினத் தொகை முதலில் மளமளவெனப் பெருகும். இடமும் இரையும் தாங்கும் அளவை நெருங்க நெருங்க வேகம் குறையும். சரி, நம் வானம் பார்த்த கண்மாயில் அந்தத் தாங்கும் அளவே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதே! ஐப்பசி மழை பொய்த்தால் தண்ணீர் இல்லை, மீனும் நத்தையும் இல்லை, கூடும் இல்லை. நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறித்து வைக்காவிட்டால், பறவைகள் உண்மையிலேயே குறைகின்றனவா, வேறு கண்மாய்க்குப் போய்விட்டனவா என்று எப்படிப் பிரித்தறிவது?

அப்புறம், வயது. 1945-ல் சூழலியல் அறிஞர் லெஸ்லி வயதுவாரியாகத் தொகையைக் கணிக்கும் முறையை வகுத்தார். நாரைகள் பிறந்த மறு ஆண்டே கூடு கட்டிவிடுவதில்லை. சில ஆண்டுகள் ஆகும். ஒரு பருவத்தில் குஞ்சுகள் மடிந்தால் அந்தக் குறைவு சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும். கூடுகள் எத்தனை, பறக்கும் வரை பிழைத்த குஞ்சுகள் எத்தனை என்று தனித்தனியாகப் பதிவானால் முன்கூட்டியே சொல்லலாம்.

தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளைக் காக்கும் ஊர்கள் இவை. கண்மாயில் ஓர் அளவுகோலும் ஊர் இளைஞர்கள் கையில் ஒரு பதிவேடும் இருந்தால் வேலை தொடங்கிவிடும். வனத்துறை இந்தப் பருவத்திலேயே இதைச் செய்ய வேண்டும். பழைய கணக்குகளையும் காரைக்குடி மாணவர்கள் ஆராயத் தர வேண்டும்.

– வாசகர், காரைக்குடி