இவருக்குப் பதில் இவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர்களும் கதையும் பாதியில் மாறுவது பற்றி எழுதுகிறேன்.

எண்பத்து நான்கு வயதாகும் என் மாமியாருக்கு இரண்டு கண்களிலும் பார்வை மங்கிவிட்டது. அதனால் தொலைக்காட்சித் தொடர்களை அவர் பார்க்கிறார் என்பதைவிடக் கேட்கிறார் என்பதே சரி. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி நடிகர் மாரிமுத்து காலமான செய்தியையும், 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சுவலி வந்ததையும் நான் சொன்னபோது, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த நாலு மருமகளும் இனி யாருக்குப் பயப்படுவாங்க?" என்று கேட்டார்.

தொடர் எழுதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் உரிய கேள்வி அது. மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் என்ற ஒருவரைச் சுற்றித்தான் அந்த மதுரைக் குடும்பம் கட்டப்பட்டிருந்தது. அந்த வீட்டு மருமகள்களில் ஈஸ்வரியின் மௌனம், ரேணுகா மறைத்து வைத்திருந்த நடனம், நந்தினியின் துடுக்குப் பேச்சு, ஜனனியின் எதிர்ப்பு எல்லாமே அவருடைய குரலுக்கு எதிர்வினையாக எழுதப்பட்டவை. குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் காட்டிச் சில வாரங்களைக் கடத்திய பின், எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தியை அந்த வேடத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் நடிப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் "ஏய், இந்தாம்மா" என்று மாரிமுத்து சொல்லும்போது அதில் அதட்டலோடு ஒரு நக்கலும் இருக்கும். அந்த நக்கல்தான் மருமகள்கள் திருப்பிக் கேலி பேச இடம் கொடுத்தது. புதியவரின் குரலில் கடுமையே மிகுந்திருந்ததால், அவர் வந்த பிறகு அந்த வீடே இறுகிப்போனது போல எனக்குப் பட்டது. ஒரு நடிகர் போனால் அவருடைய பாத்திரம் மட்டுமல்ல, அதோடு பேசிப் பழகிய அத்தனை பாத்திரங்களும் குணம் மாறிவிடுகின்றன.

'பாண்டியன் ஸ்டோர்ஸ்' (2018–2023) தொடரிலும் இதைப் பார்த்தோம். முல்லை என்ற மருமகளாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்த பிறகு, அந்த வேடத்துக்குக் காவ்யா வந்தார். அவருக்குப் பின் லாவண்யா வந்தார். கடைக்குட்டி மருமகள் ஐஸ்வர்யாவின் முகமும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாறியது. அந்த வேடத்தில் நடித்து விலகிப்போன தீபிகாவே பிறகு அதே வேடத்துக்குத் திரும்பி வந்தார். அண்ணன் தம்பிகள் பிரியக் கூடாது என்பதையே கதையாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் மருமகள்களின் முகங்கள் மாறிக்கொண்டே இருந்ததை, மனம் விட்டுச் சொன்னால், நாங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டேதான் பார்த்தோம்.

மரணம், நோய், பிரசவம் ஆகியவற்றுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கால்ஷீட் ஒத்துவராமல் போவதும், வேறு நல்ல வாய்ப்பு வந்து ஒருவர் விலகுவதும் தொழிலில் நடப்பவைதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்புகள் நின்று, பிறகு 60 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற நிபந்தனையோடு அரசு அனுமதி கொடுத்தபோது, பல வீடுகளில் சித்தப்பாக்களும் அத்தைகளும் திடீரெனக் காணாமல் போனதையும் நாங்கள் புரிந்துகொண்டோம். நான் குறை சொல்வது, எந்தத் தொடரை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வியாழக்கிழமைதோறும் வரும் டிஆர்பி கணக்கைப் பார்த்து எடுக்கப்படும் முடிவுகளை. 'பாரதி கண்ணம்மா'வின் நாயகன் ஒரு மருத்துவர். மனைவியைச் சந்தேகித்த அவர், ஒரு டிஎன்ஏ சோதனையில் தீர்ந்துவிடும் விஷயத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார். சோதனை நடந்தால் கதை முடிந்துவிடும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் என் அறிவுக்கு எட்டவில்லை. நல்லவனாக அறிமுகமான ஒருவனைக் கதை நீள வேண்டும் என்பதற்காகவே முட்டாளாக்கினால், அவனுக்காகக் கண்ணீர் விட்ட பெண்களையும் முட்டாளாக்கியது போலத்தான். 'மகா சங்கமம்' என்ற பெயரில் இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே வாரத்தில் உறவாக்கி, அடுத்த வாரமே அந்த உறவை மறந்துவிடுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

ஊரடங்கோடு நின்றுபோன 'அழகு' போன்ற தொடர்களில் குடும்பங்கள் என்ன ஆயின என்பதை நாங்களேதான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாமியாரும் பக்கத்து வீட்டு அம்மாளும் அதற்கு ஆளுக்கொரு முடிவு வைத்திருக்கிறார்கள். ஒரு தொடரை நிறுத்துவதென்று தீர்மானித்தால், கதை எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல அரை மணி நேரமாவது ஒதுக்கும் மரியாதையைத் தொலைக்காட்சிகள் நேயர்களுக்குத் தர வேண்டாமா?

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நடிகர் மாறும்போது 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து போடுவது நம் தொடர்களின் பழைய வழக்கம். நேற்று வரை ஒருவர் பேசிய வசனத்தை இன்று இன்னொருவர் தொடர்வதற்கு அதுதான் பாலம். ஆனால் அது ஓரிரு நொடிகளில் மறைந்துவிடுகிறது. எழுத்து தெரியாதவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. பழைய குரல் எங்கே போனது என்று அவர்கள் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பகலில் வீட்டில் தனியாக இருப்பவர்கள் யாரைக் கேட்பார்கள்? அந்த வரியை வாய்விட்டு வாசித்து, ஒரு வாரமாவது தொடர்ந்து ஒலிபரப்பும்படி தங்கள் நாளிதழ் வாயிலாகத் தொடர் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பத்து நொடி போதும். ஒரு விளம்பரத்தின் நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.