குறுங்குழல் ரிவால்வர் தோட்டாக்கள் குறித்த புகார்: நான்காவது கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தங்கள் .38 ஸ்பெஷல் ப்ளஸ் பி (வழக்கமான .38-ஐவிட அழுத்தம் கூடிய வகை), 125 கிரெய்ன் (குண்டின் எடை) குழிமுனைத் தோட்டாக்களின் பெட்டியில் உள்ள தவறான வேக அளவும், சிலிண்டர் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) இறுகிப்போனதும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே பொருள் பற்றி நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் "தங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. பதினொரு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்தார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். இனிமேல் தொலைபேசியில் பேசுவதாக இல்லை. இக்கடிதத்தைத் தோட்டா தயாரிப்பில் நேரடியாக ஈடுபட்டுள்ள ஒருவர் படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பெட்டியைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகப்பில் சிறிய ரிவால்வரின் படம் இருக்கிறது, அதன் கீழே "குறுங்குழலுக்கு ஏற்றது" என்ற வாசகமும், பக்கவாட்டில் விநாடிக்கு 945 அடி என்ற வேகமும் அச்சிடப்பட்டுள்ளன. என்னிடம் இருப்பது 1.875 அங்குலக் குழல் கொண்ட, ஐந்து தோட்டா கொள்ளும், எடை குறைந்த ரிவால்வர். தனியாக வசிப்பவன் நான். அந்த எண்ணையும் படத்தையும் நம்பித்தான் மற்றவற்றை ஒதுக்கிவிட்டுத் தங்கள் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தேன். பயிற்சி மையத்தில் வேகமானியை வைத்து ஐந்து தோட்டாக்களைச் சுட்டபோது 861, 809, 842, 833, 845 என்று பதிவாயின. சராசரி 838. பெட்டியில் உள்ளதைவிட 107 அடி குறைவு. வேகத்தில் இது ஒன்பதில் ஒரு பங்கு போலத் தோன்றினாலும், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 248 அடி-பவுண்டாக இருக்க வேண்டியது 195 ஆகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது.

இதற்குக் காரணம் தங்களுக்குத் தெரியாததல்ல. 945 என்பது 4 அங்குலச் சோதனைக் குழலில் அளந்த வேகம். அந்தக் குழலில் வெடிமருந்தின் வாயு குண்டைத் தள்ளப் போதிய இடம் இருக்கிறது. 2 அங்குலத்துக்கும் குறைவான குழலில் அந்த வாயு முழுதாகத் தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியேறிவிடுவதால், மிச்ச உந்துதல் வீணாகி, கண்ணைக் கூசச் செய்யும் தீப்பிழம்பாக முடிகிறது. 4 அங்குலக் குழலில் அளந்ததைத் தவறு என்று நான் சொல்லவில்லை, தொழிலில் உள்ள நடைமுறை அது. ஆனால் 4 அங்குல அளவை 2 அங்குலத் துப்பாக்கியின் படத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டது யாருடைய முடிவு?

குழிமுனைக் குண்டுக்கு வேகம்தான் உயிர்; பட்டதும் முனையிலுள்ள குழி விரிந்து மலர அதுதான் வேண்டும். நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியைத் தண்ணீர்க் கேன்களின் முன்னால் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். மூன்று குண்டுகளை எடுத்து மேசையில் வைத்தபோது, மூன்றின் குழியிலும் நீலத் துணி வட்டமாக வெட்டப்பட்டு, அடைப்பான் போல இறுகியிருந்தது. ஊசியால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. ஒன்றுகூட மலரவில்லை. சாதாரண உருண்டைமுனைக் குண்டு போலவே உள்ளே போயிருக்கின்றன. தண்ணீர்ச் சோதனை ஜெல் சோதனைக்கு (தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் சுடுவதற்கு) ஈடாகாது என்று தங்கள் தரப்பில் சொல்லலாம். அப்படியானால் 10 சதவீத ஜெல்லில், துணிக்குப் பின்னால், இந்தக் குழல் நீளத்தில் தாங்கள் செய்த சோதனையின் முடிவை அனுப்புங்கள். 1986 மியாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வகுத்த 12 முதல் 18 அங்குலம் வரையிலான ஊடுருவல் அளவை இந்தத் தோட்டா எட்டுகிறதா, அப்போது மலர்கிறதா என்ற ஒரு கேள்வியைத்தான் மூன்று மாதமாகக் கேட்டு வருகிறேன்.

இதற்குக் கிடைத்த பதிலை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஏழாவது அழைப்பில் பேசிய தங்கள் ஊழியர், நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "மணிக்கட்டில் பலமில்லாதவர்கள் ரிவால்வர் வைத்துக்கொள்ளக் கூடாது" என்றார். எனக்கு மூட்டுவாதம் இருப்பதை நான்தான் சொல்லியிருந்தேன். அதையே எடுத்து என் முகத்தில் எறிந்தார். பிறகு, வேகம் வேண்டுமென்றால் அதே துப்பாக்கியில் .357 மேக்னம் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஐயா, 1935-ஆம் ஆண்டு அந்தத் தோட்டா வெளிவந்தபோதே, .38 சிலிண்டருக்குள் போகக் கூடாது என்பதற்காகத்தான் அதன் உறையை எட்டில் ஓர் அங்குலம் நீளமாக்கினார்கள். .38 ப்ளஸ் பி-யின் அழுத்த வரம்பு 20,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), மேக்னத்தின் வரம்பு 35,000. இந்த வேறுபாடு தெரியாதவரைத் தோட்டா நிறுவனத்தின் உதவி எண்ணில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் சொன்னதைக் கேட்டு அனுபவமில்லாத ஒருவர் பழைய, அளவு தளர்ந்த துப்பாக்கியில் முயன்று பார்த்தால் என்ன ஆகும்?

கோபத்தில் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சிலிண்டர் இறுகியது இரண்டாவது சுற்றில். நான்கு தோட்டாக்கள் வெடித்தன, ஐந்தாவதுக்கு விசை நகரவே இல்லை. நான்கு முறை பின்னுதைத்த அதிர்ச்சியில் ஐந்தாவது தோட்டாவின் குண்டு உறையிலிருந்து நழுவி, சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நகத்தின் கனம் வெளியே நீட்டிக்கொண்டு, சட்டத்தில் முட்டி நின்றது. எடை குறைந்த ரிவால்வர்களில் இது நடக்கும் என்பதால்தான் உறையின் வாயை அழுத்தமாகக் கிரிம்ப் செய்ய (குண்டை இறுகப் பிடிக்கும்படி உள்நோக்கி அழுத்த) வேண்டும். ரிவால்வரில் இதற்கு உடனடித் தீர்வு கிடையாது. மறுபடி விசையை இழுத்தும் பயனில்லை. பயிற்சி மையத்தில் நடந்ததால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருக்கிறேன்.

அந்த ஐந்தாவது தோட்டாவோடு வந்தால் தொழில்நுட்ப அலுவலர் நேரில் பார்ப்பார் என்று தாங்கள் சொன்னதால், விற்பனை மையத்துக்குச் சென்று காலை பத்து மணி முதல் மாலை நான்கரை வரை காத்திருந்தேன். வந்தவர் விற்பனைப் பிரதிநிதி. தோட்டாவை ஒரு காகித உறையில் போட்டு வாங்கிக்கொண்டார்; ரசீது கேட்டதற்குத் தேவையில்லை என்றார். பத்து நாள் கழித்துத் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல், "சான்றுப் பொருள் ஏதும் பெறப்படவில்லை" என்கிறது. அன்றைய பொழுது மட்டுமல்ல, இந்த ஆண்டில் எனக்கிருந்த நிம்மதி முழுவதும் அந்தக் காகித உறைக்குள் போய்விட்டது. நல்ல வேளையாக, அளவுகோலை அருகில் வைத்து எடுத்த ஆறு புகைப்படங்கள் என்னிடம் உள்ளன. அவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்போது என் துப்பாக்கியில் இருப்பவை 148 கிரெய்ன் வாட்கட்டர் தோட்டாக்கள். இலக்குப் பயிற்சிக்கென்று செய்யப்பட்டவைதான். ஆனால் மலர்வதை நம்பியிருக்காமல், தட்டையான முனையால் துளையை வெட்டிக்கொண்டு போகின்றன, உதையும் குறைவு, என் வலிக்கிற கையாலும் இரண்டாவது குறியை உடனே பிடிக்க முடிகிறது. குறுங்குழலுக்கென்றே வடிவமைத்த 135 கிரெய்ன் கோல்ட் டாட் போன்றவையும் சந்தையில் இருக்கின்றன. செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆகவே, மீதமிருக்கும் பெட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். 2 அங்குலக் குழலில் அளந்த வேகத்தைப் பெட்டியில் அச்சிட வேண்டும், இல்லையேல் அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும். இணைப்பில் உள்ள தொகுதி எண்ணின் கிரிம்ப்பைப் பரிசோதித்து, குறை இருந்தால் வாங்கிய அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். மணிக்கட்டைப் பற்றிப் பேசிய ஊழியர் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பயிற்சிக்குத் தங்கள் தோட்டாக்களைத்தான் வாங்கிவந்தேன். பதினைந்து நாள்களுக்குள் பொறுப்பான பதில் வராவிட்டால், வேகமானிப் பதிவுகள், துணி அடைத்த அந்த மூன்று குண்டுகள், தங்கள் மின்னஞ்சல் ஆகிய அனைத்தோடும் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவேன். வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன்.

அந்த ஐந்தாவது தோட்டாவைத் தேடி எடுத்து, பத்திரப்படுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்

இணைப்பு: புகைப்படங்கள் 6, வேகமானிப் பதிவுத் தாள், பெட்டியின் தொகுதி எண், முந்தைய மூன்று கடிதங்களின் நகல்