பங்காளிக்கு, ஸ்பிரிங் மாற்றும் முன்

தாண்டிக்குடி
ஐப்பசி மாதம்

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்தது. மாருதி ஜிம்னி ஜீப் வாங்கிவிட்டாய் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "அப்ப இனிமே அடிக்கடி மலைக்கு வருவான்ல" என்றுதான் முதலில் கேட்டார்கள். மதினியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு வேலை கிடைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டாயே, எந்த ஊர், என்ன வேலை என்று அடுத்த கடிதத்தில் எழுது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பெரும்பாறை தாண்டினாலே மூடுபனி. அராபிகா பழம் அங்கங்கே சிவக்க ஆரம்பித்திருக்கிறது, பறிக்க ஆள் கிடைப்பதுதான் பாடு. சாயங்காலம் ஆனால் மங்களங்கொம்பு பக்கம் காட்டு மாடு ரோட்டிலேயே நிற்கிறது, அதனால் இருட்டும் முன்பே வீடு வந்துவிடுகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வண்டியை 4 அங்குலம் உயர்த்தித் தருவதாகத் திண்டுக்கல்லில் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஒன்றரை அங்குலம், அதாவது சுமார் 40 மில்லிமீட்டர் போதும். அதையும் ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டையும் சேர்த்து மாற்றிச் செய். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வண்டி எங்கே தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் 210 மில்லிமீட்டர் இடைவெளி என்பது வண்டியிலேயே தாழ்வான இடத்துக்கு அளந்தது. ஜிம்னி மாதிரி முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு, உள்ள வண்டியில் அந்த இடம், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் இருக்கும் உருண்டைதான். அந்த ஆக்ஸில் சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங் அதற்கு மேலே உட்காருகிறது. ஆகவே நீ 2 அங்குல ஸ்பிரிங் போட்டாலும், 6 அங்குல ஸ்பிரிங் போட்டாலும், நடுப்பாதையில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லுக்கும் அந்த உருண்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு நூல்கூட மாறாது. உயருவது பாடியும், அதைத் தாங்கும் சட்டமான சேஸிஸும் மட்டும். இதை யாரும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஆக்ஸிலை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதி. உன் வண்டியில் வரும் 195/80 ஆர் 15 டயரின் விட்டம் கணக்குப்படி சுமார் 693 மில்லிமீட்டர். 215/75 போட்டால் சுமார் 703. ஆக்ஸிலுக்குக் கிடைப்பது 5 மில்லிமீட்டர். 235/75 போட்டால் 733, கிடைப்பது 20. ஆனால் அதற்கு விலை உண்டு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீ 63க்கு மேல் போய்க்கொண்டிருப்பாய். அதைவிட முக்கியம், எல்லா கியரும் ஏறக்குறைய 6 சதவீதம் நீண்டுவிடும். சித்தரேவு இறங்கும் வரை இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் பிடி அந்த அளவு குறையும், மீதியை பிரேக் சுமக்க வேண்டும். மலையில் வண்டி வைத்திருப்பவன் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டயரை 215இல் நிறுத்திக்கொள்.

அப்படியானால் ஸ்பிரிங்கை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பாய். வயிற்றுக்காக. உன் ஐந்து கதவு வண்டியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை உள்ள நீளம், 2590 மில்லிமீட்டர். வெளிநாட்டில் ஓடும் மூன்று கதவு ஜிம்னிக்கு 2250தான். இடைவெளி இரண்டுக்கும் 210 என்றாலும், நீளம் கூடியதால் மேடு தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24க்குக் குறைந்துவிட்டது. நம் தோட்டப் பாதையை நினைத்துப் பார். மழைத்தண்ணீர் பாதை நெடுக ஓடி மண்ணை அரித்துவிடாமல் இருக்க, குறுக்கே மண்மேடு போட்டுப் பக்கவாட்டில் திருப்பி விட்டிருக்கிறோமே, முன்சக்கரம் அதைத் தாண்டிய பிறகு வண்டியின் நடுவயிறு அதில்தான் உட்காரும். 40 மில்லிமீட்டர் உயர்த்தினால், நான் கணக்குப் போட்டுப் பார்த்த வரையில், அந்தக் கோணம் மூன்றரை டிகிரி ஏறுகிறது. நீளத்தால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். நம் பாதைக்கு அது தாராளம்.

இனி சொல்வதுதான் எனக்கு மிக முக்கியமானது. கரடான பாதையில் வண்டியை நகர்த்துவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் என்று வரும்போது பள்ளத்துச் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தேட வேண்டும். அது எவ்வளவு இறங்கும் என்பதை முடிவு செய்வது ஷாக் அப்சார்பரின் நீளம். ஸ்பிரிங்குக்கு மேல் ரப்பர் துண்டோ அலுமினிய வளையமோ வைத்து 2 அங்குலம் தூக்கிவிட்டு, பழைய ஷாக்கையே விட்டுவிட்டால், வண்டி நிற்கும்போதே ஷாக் அந்த அளவு நீண்டுதான் நிற்கும். கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரத்தில் அவ்வளவும் போய்விட்டது. பார்க்க உயரமாக இருக்கும், பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து மறுசக்கரத்துக்கு விசையைத் திருப்பும் வசதி இருக்கிறது, உண்மைதான். இருந்தாலும் நான்கு சக்கரமும் மண்ணில் இருக்கும் வண்டிக்கு ஈடாகாது. ஷாக்கையும் சேர்த்து மாற்று என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஸ்பிரிங்கின் விறைப்பையும் கேட்டு வாங்கு. ஒரே உயரத்துக்கு இரண்டு மூன்று விதமாக விற்பார்கள். முன்னால் இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், பின்னால் எப்போதும் சாமான் என்று போகிறவர்களுக்குத் தடித்த கம்பியில் ஒன்று, சும்மா ஓட்டுகிறவர்களுக்கு மெல்லியதில் ஒன்று. கம்பி கொஞ்சம் தடித்தாலே விறைப்பு எக்கச்சக்கமாக ஏறும். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறுவது அது, 10 சதவீதம் தடித்தால் 46 சதவீதம் விறைக்கும். பாரம் தாங்கும் ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் சொன்னதைவிட உயரமாக நிற்கும், ஈரக் கல்லில் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? நீயும் மதினியும் இரண்டு பையுமாக வருகிறவர்கள், உனக்கு மெல்லியதே போதும்.

என் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பின் கதை வேறு. அதில் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். வருஷக்கணக்கில் காபி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிப் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன. போன கோடையில் வத்தலக்குண்டில் லாரிக்குப் பட்டை கட்டும் ஒரு பட்டறையில் விட்டேன். இன்னொரு தடித்த பட்டையைச் சேர்த்துவிடுங்கள் என்று பக்கத்தில் நின்ற டிரைவர் யோசனை சொன்னார். பெரியவர் சம்மதிக்கவில்லை. பட்டை இரண்டு மடங்கு தடித்தால் எட்டு மடங்கு விறைக்கும், அதனால் மெல்லிய பட்டைகளாக அடுக்கினால்தான் பாரமும் தாங்கும், வளைந்தும் கொடுக்கும் என்றார். நான் படித்த கணக்கும் அதுதான். துருவேறிய பட்டைகளைப் பிரித்து, நைந்ததை மாற்றி, மற்றதற்குப் புது வளைவு கொடுத்து, புது யூ போல்ட் போட்டுக் கட்டினார். வண்டி ஒன்றேகால் அங்குலம் உயர்ந்தது. அது கூடுதல் உயரம் இல்லை, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த உயரம். பழைய ஜீப்பை உயர்த்தணும் என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இழந்த உயரம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? பட்டையைத் துருவெடுத்துக் கட்டியதாலேயே என் வண்டியின் குலுக்கல் எவ்வளவு குறைந்துவிட்டது என்று நீ வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அம்மாவே முதுகு வலிக்கவில்லை என்கிறார்கள்.

பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற இணைப்பை நீளமாக்குவதையும் யாராவது சொல்லிக் கேட்டிருப்பாய். 2 அங்குலம் நீட்டினால் 1 அங்குலம்தான் உயரும், கூடவே ஆக்ஸிலும் கோணம் திரும்பிவிடும். பண்ணைக்காட்டில் ஒரு ஜீப் அப்படி இருக்கிறது. நேர் ரோட்டிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் கோணம் உனக்கும் வேண்டிய விஷயம். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதல்லவா, அதே மாதிரி ஜிம்னியின் முன் ஆக்ஸிலிலும் ஒரு சாய்மானம் உண்டு, காஸ்டர் என்பார்கள். கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்புவது அதனால்தான். முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இரண்டு நீளக் கைகள் பின்னால் சேஸிஸில் மாட்டியிருப்பதால், வண்டியை உயர்த்தினால் ஆக்ஸில் உருண்டு சாய்மானம் குறையும். 4 அங்குலம் தூக்கினால் ஸ்டியரிங் தானாகத் திரும்ப மறுக்கும், வேகத்தில் அலையும். 40 மில்லிமீட்டருக்கு, அந்தக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ்ஷை மாற்றி, துளை மையம் விலகிய புஷ் போட்டால் சரியாகிவிடும். இன்னொன்று பேன்ஹார்ட் ராடு. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் அந்தக் குறுக்குக் கம்பியின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். உயரம் மாறினால் முழு ஆக்ஸிலும் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு கிடைக்கிறது, வாங்கிக்கொள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில். ஆக்ஸிலைத் தொங்கவிடும்போது அதன் கனம் பிரேக் ஹோஸிலோ ஏபிஎஸ் வயரிலோ விழக் கூடாது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்திருக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் உள்ளே படுக்கக் கூடாது. அப்புறம் பெரும்பாலான பட்டறைகளில் விட்டுவிடுகிற ஒன்று: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது முறுக்கிவிடக் கூடாது. லேசாகப் பூட்டி, வண்டியை நான்கு சக்கரத்தில் இறக்கி, ஒரு தடவை குலுக்கிவிட்டு, நிற்கும் உயரத்தில்தான் இறுக்கமாக முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட்டைத் தாழ்த்துவது, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் திரும்பப் பார்ப்பது.

ஊத்திலிருந்து பண்ணைக்காடு வரும் ரோட்டில் ஒரு பக்கம் சரிவு எப்படி என்று உனக்கே தெரியும். தோட்டப் பாதையில் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தபடிதான் பாதி தூரம் வரும். கனம் எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு சீக்கிரம் கவிழும். ஸ்பிரிங்கில் உயரமும் ஏற்றி, மேலே கேரியரில் சாமானும் ஏற்றாதே. கேரியர் வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மதினி ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படி வைக்கச் சொல், 40 மில்லிமீட்டர் கூட அந்த முழங்காலுக்குத் தெரியும்.

சட்டத்தையும் யோசி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே கை வைக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். அவர்கள் முடியாது என்றால் விட்டுவிடு, நல்ல டயரோடு அப்படியே வா. மண்மேட்டில் இரண்டு பலகை போட்டு உன்னை ஏற்றிவிடுவது என் பொறுப்பு. மாற்றினாலும் பழைய ஸ்பிரிங்கைப் பட்டறையில் விட்டுவராதே, எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வை.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, நான்கு அளவையும் எனக்கு எழுது. மாற்றிய பிறகும் அதே இடத்தில் அளந்தால்தான் எவ்வளவு உயர்ந்தது, எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். தை பிறந்து பழம் பறிப்பு குறைந்ததும் எல்லோருமாக வாருங்கள். சித்தரேவு வழியாகவே வா, பெரும்பாறைக்கு மேல் பனி இருந்தால் அவசரப்படாதே. வரும்போது அம்மாவுக்கு வத்தலக்குண்டு வெற்றிலை ஒரு கவுளி வாங்கி வா, நீ வருகிறாய் என்றதுமே கேட்டுவிட்டார்கள்.

அன்புடன்,
உன் பங்காளி