பேர் சொல்லக்கூடாதுன்னு சொன்ன அந்த வக்கீலக்காவுக்கு

அக்கா, பேர் போடாதம்மான்னு நீங்க சொன்னதால பேர் போடல, ஆனா நன்றி சொல்லாம இருக்க முடியல.

திருமங்கலம் பக்கம் நாலுவழிச்சாலையில எங்க வீட்டுக்காரர் அடிபட்டு இறந்தப்ப எனக்கு எஃப்ஐஆர் நகல் எங்க வாங்கணும்னு கூட தெரியாது. எங்க ஊருக்கு ஞாயித்துக்கிழமை உங்க ஆபீஸ்காரங்க வந்து பிள்ளையார் கோயில் வாசல்ல உக்காந்து எல்லாருக்கும் மனு எழுதிக் குடுத்தாங்கல்ல, அங்கதான் மஞ்சப்பையில பேப்பரோட வந்து நின்னேன். நீங்க ஒவ்வொண்ணா விரிச்சு, நனைஞ்சு ஒட்டிப்போன போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ட முந்தானையால ஒத்தி எடுத்து, தேதி வாரியா அடுக்கி நூல் கோத்தீங்க, அப்பவே எனக்கு பாதி பயம் போயிருச்சு.

ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டதுக்கு, 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் போட்டாலே வழி சொல்லுவாங்க, உன் கேஸ நானே பாத்துக்கறேன்னீங்க. இது எங்க தெருவுல யாருக்குமே தெரியாதுக்கா, இப்ப நான்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

நஷ்டஈடு குடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்தும் இன்சூரன்ஸ்காரங்க அப்பீல் போனாங்க. 2004ல இங்க மதுரை ஒத்தக்கடை பக்கம் ஹைகோர்ட் கிளை வந்ததால அலைச்சல் அதோட போச்சு, இல்லன்னா கைப்புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க சென்னைக்கு அலைய. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதநாள் ராத்திரி போன் பண்ணி "சாப்டியா, புள்ளைக்கு காய்ச்சல் விட்ருச்சா"ன்னு கேட்டுட்டுதான் கேஸையே பேசுவீங்க.

பணம் பேங்க்ல ஏறிருச்சுக்கா. பாப்பா பேர்ல டெபாசிட் போட்டாச்சு. மல்லிப்பூ வாங்கிட்டு வர்றேன், அதையாவது வேணாம்னு சொல்லிராதீங்க.