பஞ்சுக்குப் பின்னால் இருந்த கடல் வாத்தியார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ்’ கார்ட்டூன் தொடரை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் பற்றித் தங்கள் சிறுவர் இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தோம். பிள்ளைகளின் புத்தகப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் ஒட்டியிருக்கும் அந்த மஞ்சள் பஞ்சை உருவாக்கியவர் யார் என்று எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் ‘கடல் படிப்பு பிடிக்காமல் கார்ட்டூன் வரையப் போனவர்’ என்ற வரி தவறு. இராமநாதபுரம் கடற்கரையில் அதைப் படிக்கும் பிள்ளை, கடல் வேறு, படம் வரைவது வேறு என்று முடிவு கட்டிவிடும். நடந்ததோ நேர்மாறு.

ஹில்லன்பர்க் 1961 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவின் அனஹைமில் வளர்ந்தவர். 1984-ல் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இயற்கை வளங்களைத் திட்டமிடுவதும் அவற்றை மக்களுக்கு விளக்கிச் சொல்வதும் பாடம். அதில் அவர் எடுத்த பிரிவு கடல் வளம். படிப்பு முடிந்ததும் டேனா பாயின்டில் இருந்த ஆரஞ்ச் கவுன்டி கடல்சார் நிலையத்தில் மூன்று ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்தார். கடல் வற்றும்போது பாறை இடுக்குகளில் தேங்கும் குட்டைகளில் என்னென்ன வாழ்கின்றன என்று காட்டுவதற்காக அவரே எழுதி வரைந்த பாடப் படக்கதைதான் ‘தி இன்டர்டைடல் ஸோன்’. அதில் ஒவ்வொரு உயிரியையும் அறிமுகம் செய்துவைப்பது ‘பாப்’ என்ற கடற்பஞ்சு. தொலைக்காட்சிக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பாஞ்ச்பாப் வகுப்பறையில் வேலை பார்த்திருக்கிறான்.

அதன் பிறகுதான் கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் சோதனை அனிமேஷன் படிக்கச் சேர்ந்தார், 1992-ல் முடித்தார். 1993 முதல் 1996 வரை ‘ராக்கோஸ் மாடர்ன் லைஃப்’ தொடரில் இயக்குநராக வேலை. அங்கே இருந்த எழுத்தாளர் ஒருவர் பழைய படக்கதையைப் புரட்டிப் பார்த்து, இதையே தொடராக எடுக்கலாமே என்றார். நிக்கலோடியன் தொலைக்காட்சி அதிகாரிகளிடம் கதை சொல்லப் போனபோது, பாத்திரங்களின் உருவங்களை உள்ளே வைத்த ஒரு மீன்தொட்டி, ஹவாய் இசை, பூப்போட்ட சட்டை என்று அந்த உலகத்தையே அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். முதலில் வைத்த பெயர் ‘ஸ்பாஞ்ச்பாய்’. அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு துடைப்பான் நிறுவனம் பதிவு செய்திருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. ‘ஸ்பாஞ்ச்’ என்ற சொல்லை மட்டும் அவர் விடவில்லை. அது இல்லாவிட்டால் மஞ்சள் கட்டியைப் பிள்ளைகள் பாலாடைக்கட்டி என்று நினைத்துவிடுவார்கள் என்று கருதினார். 1999 மே 1 அன்று முதல் ஒளிபரப்பு.

நிஜக் கடற்பஞ்சு சதுரமாக இருக்காது என்பது அவருக்குத் தெரியாதா? படக்கதையில் இருந்த பாப் நிஜப் பஞ்சைப் போலத்தான் இருந்தான். தொடருக்காக யோசிக்கும்போது, வெள்ளந்தியான ஒருவனுக்குச் சமையலறைப் பஞ்சின் சதுரம்தான் பொருந்துகிறது என்று தெரிந்தே மாற்றினார். தொடரில் வரும் ஸ்க்விட்வர்டும் அப்படித்தான். பெயரில் ‘ஸ்க்விட்’ இருப்பதைப் பார்த்து ஊசிக்கணவாய் என்று நினைக்கிறோம். உண்மையில் அவன் நம் ஊர்ப் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். எட்டுக் கை இருக்க வேண்டியவனுக்கு ஆறுதான் உண்டு, வரைவது எளிது என்பதற்காக. கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒரு விநாடிக்கு 12 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 படம். படத்துக்கு இரண்டு கை மிச்சம் என்றால் 1,440 கை வரையும் வேலை மிச்சம். பேட்ரிக் நட்சத்திர மீன். நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது, வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம்தான். கடல் வற்றும்போது பல இனங்கள் கல்லுக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். பேட்ரிக்கின் வீடும் ஒரு கல்லுக்கு அடியில்தான். வில்லன் பிளாங்டன், கோப்பிபாட் என்ற மிகச் சிறிய மிதவை உயிரி. எதை மாற்றுகிறோம், எதை அப்படியே விடுகிறோம் என்பது கடலைத் தெரிந்தவருக்கு மட்டுமே கைவரும்.

அந்தத் தொடரின் வேலைமுறை நம் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படும். ஒரு கதை 11 நிமிடம். வசனம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு வரைவதில்லை. இரண்டொரு பக்கக் கதைச் சுருக்கம் ஸ்டோரிபோர்டு வரைபவர்களிடம் போகும். அவர்கள் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே வசனத்தையும் எழுதுவார்கள். படங்களைச் சுவரில் குத்திவைத்து மற்றவர்களுக்கு நடித்துக் காட்டும்போது எங்கே சிரிப்பு வரவில்லையோ அந்த இடம் மாறும். பிறகு குரல் பதிவு. குரலின் நீளத்துக்கு ஏற்ப நேரம் பிரித்த பிறகே, படம் படமாக அசைக்கும் வேலை தென் கொரியாவில் உள்ள ஸ்டூடியோவுக்குப் போகும். இங்கே போட்டிகளுக்கு வரும் குறும்படங்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த வரிசையில்தான். பத்துப் பக்க வசனத்தை முதலில் எழுதி, வாயை முதலில் வரைந்து, குரலைக் கடைசியில் ஒட்டினால் உதடும் பேச்சும் சேராது. பாத்திரம் நின்ற இடத்திலேயே பேசிக்கொண்டிருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க 20 விநாடி போதும்: 240 படம். அதிலும் நண்டு பக்கவாட்டில் நடப்பதை 12 தாளில் வரைந்து திரும்பத் திரும்ப ஓட்டினால் பாதி வேலை குறையும். ஆனால் 12-வது படத்திலிருந்து முதல் படத்துக்கு அசைவு சரியாகத் தொடர வேண்டும். முதல் படத்தையே கடைசியிலும் வரைந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் நண்டு ஒரு கணம் தயங்கி நிற்கும். ஏ4 தாளில் இரட்டைத் துளையிடும் கருவியால் துளை போடுங்கள். துளைகளின் நடுமையங்களுக்கு இடையே 80 மி.மீ. இருக்கும். அதே இடைவெளியில் ஒரு பலகையில் இரண்டு மூங்கில் குச்சிகளைச் செதுக்கி நட்டால் தாள் நகராது. பென்சில் துண்டு நுழையாது. துளை 6 மி.மீ., பென்சில் அதைவிடக் கனம். கடற்கரை ஈரத்தில் தாள் சுருண்டுகொள்ளும் என்பதால் வரைந்த தாள்களின் மேல் கண்ணாடி ஒன்றைப் பாரமாக வைக்க வேண்டும். படம் எடுக்கும்போது செல்போனில் வெளிச்ச அளவையும் குவியத்தையும் (ஃபோக்கஸ்) பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் தாளுக்குத் தாள் வெளிச்சம் மாறிப் படம் கண்சிமிட்டும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பக் கூடாது, மேகம் ஒன்று கடந்தாலே நாற்பது தாள் வீண். டியூப்லைட்டில் எடுத்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். வேறு வேகத்தில் குறுக்குப் பட்டைகள் விழலாம்.

ஹில்லன்பர்க்கிடம் இருந்த பாறைக் குட்டை நம்மிடம் அவ்வளவாக இல்லை. கலிஃபோர்னியாவில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே உயரம் இரண்டு மீட்டரைத் தொடும். மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். எதையும் எடுக்காமல் அந்த இடத்திலேயே வரைந்துகொள்ள வேண்டும். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு அனுமதியில்லாமல் போகவும் கூடாது. நீரில் இருக்கும் கடற்பஞ்சை உற்றுப் பார்த்தால், உடம்பெல்லாம் ஊசித்துளைகளும் மேலே ஒரு பெரிய வாயும் தெரியும். தண்ணீர் சிறிய துளைகள் வழியே உள்ளே போய்ப் பெரிய வாய் வழியே வெளியே வருகிறது. பார்ப்பதற்கு அசையாத அந்த உயிரி நாளெல்லாம் தண்ணீர் இறைக்கிறது. இதை வைத்தே ஒரு நகைச்சுவைக் காட்சி எழுதலாம். எந்தக் கல்லுக்கு அடியில் எது இருக்கும் என்று கேட்க வேண்டியது மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகும் அம்மாக்களையும் சின்னம்மாக்களையும்தான். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி இறங்கும் அவர்களை ஒரு பாத்திரமாக வரைந்தால் உலகில் வேறு எந்தக் கார்ட்டூனிலும் இல்லாத நடை கிடைக்கும்.

குறிப்பில் விடுபட்ட இன்னொன்று. 2004-ல் முதல் திரைப்படத்தை இயக்கி முடித்ததும், தொடரின் அன்றாடப் பொறுப்பை அவர் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான பால் டிபிட்டிடம் கொடுத்துவிட்டு விலகினார். தரம் குறைந்த பிறகும் தொடர் நீண்டுகொண்டே போகக்கூடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. 2015 திரைப்படத்தின் வேலைக்குத் திரும்பி வந்தார். 2017 மார்ச்சில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் தாக்கியிருப்பதை அறிவித்தார். முடிந்தவரை வேலை செய்வேன் என்றவர், 2018 நவம்பர் 26 அன்று 57 வயதில் இறந்தார். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, மலேசியாவின் சரவாக் காட்டில் கிடைத்த பஞ்சு போன்ற காளான் ஒன்றுக்கு அறிவியலாளர்கள் ‘ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்கொயர்பேன்ட்ஸியை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அடுத்த இணைப்பில் அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம். மாதம் ஒருமுறை, கடலோரப் பிள்ளைகள் தாங்களே பார்த்து வரைந்த நான்கு கட்டப் படக்கதை ஒன்றுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் பெரிய உதவியாக இருக்கும். ஒவ்வொரு கதைக்கும் கீழே, வந்த உயிரியை ஊரில் எப்படி அழைக்கிறார்கள், எந்த இடத்தில், எந்த நேரத்தில் பார்த்தது என்று இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கடல் உயிரியலும் அனிமேஷனும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம், பாம்பன், கீழக்கரை,
இராமநாதபுரம் மாவட்டம்.